"ஒரு வயதுக்கு மேல் பார்க்கலாம்" என்றால் அலட்சியமா?

தம்பி, நான்கு மாதப் பையனுக்கு வலது விதைப்பை வீங்கியிருக்கிறது, குடும்ப மருத்துவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு மருந்துகூட எழுதாமல் "ஒரு வயதுக்கு மேல் பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டார், இந்த நாட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் என்பதால் தட்டிக்கழிக்கிறார்களா என்று கேட்டிருந்தீர்கள்.

இங்கே வந்த புதிதில் எனக்கும் அதே கோபம்தான். டயப்பர் மாற்றும்போதுதான் கவனித்தேன், மகனுக்கு ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று உப்பியிருந்தது. தொட்டால் அழவில்லை. மருத்துவர் அறை விளக்கை அணைத்து டார்ச்சை வைத்ததும், உள்ளங்கைக்குப் பின்னால் வெளிச்சம் தெரியுமே, அப்படிச் செக்கச்செவேலென்று ஒளிர்ந்தது. உள்ளே இருப்பது நீர், இதற்கு 'ஹைட்ரோசீல்' என்று பெயர் என்றார். வீட்டில் நீங்களே டார்ச் அடித்துப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். கைக்குழந்தைக்குக் குடலிறக்கமும் சில சமயம் அப்படி ஒளிரும்.

விரை முதலில் வயிற்றுக்குள்தான் உருவாகிறது. பிறப்பதற்கு முன் அது கீழே இறங்கும் பாதை பிறகு மூடிக்கொள்ள வேண்டும். மூட நாளானால் வயிற்று நீர் கசிந்து பையில் சேரும். காலையில் சிறிதாகவும் சாயங்காலம் பெரிதாகவும் தெரிந்தால் பாதை இன்னும் திறந்திருக்கிறது என்று அர்த்தம். குறைமாதக் குழந்தைகளுக்கு இது அதிகம். பெரும்பாலும் ஓரிரு வயதுக்குள் தானாக வடிந்துவிடும், அதனால்தான் காத்திருக்கச் சொல்கிறார்கள். ஊசி போட்டு நீரை எடுத்தால் மறுபடி சேரும், கிருமித் தொற்றும் வரலாம்.

என் மகனுக்கு வடியவில்லை. இரண்டு வயது தாண்டியதும் அடிவயிற்று மடிப்பில் சின்னதாகக் கீறி, அந்தப் பாதையைக் கட்டிவிட்டார்கள். காலையில் போனோம், சாயங்காலம் வீடு. ரெண்டாம் நாளே ஓடினான், பிடித்து உட்கார வைப்பதுதான் பெரும்பாடு. (காலை, மாலை என்று நான் எடுத்து வைத்திருந்த போட்டோக்கள் மருத்துவருக்கு உதவின. நீங்களும் எடுத்து வையுங்கள்.)

ஆனால் திடீரென்று வலித்து அலறினாலோ, வீக்கம் கெட்டியாகிச் சிவந்தாலோ, கூடவே வாந்தி வந்தாலோ நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். குடல் மாட்டியிருக்கலாம், விரை முறுக்கியிருக்கலாம். முறுக்கியிருந்தால் ஆறு மணி நேரத்துக்குள் பிரித்தாக வேண்டும். போன் செய்து சொல்வதானால் கூச்சப்பட்டு "வயிற்றுக்குக் கீழே" என்று மழுப்பாதீர்கள். முதல் வாக்கியத்திலேயே 'டெஸ்டிகிள்' (விரை) என்று சொல்லுங்கள். மொழி தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று கேளுங்கள்.