நூறாண்டு தேவாலயத்தில் சாய்தளம் அமைக்கலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள எங்கள் தேவாலயம் கட்டி நூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. முன்வாசலில் நான்கு கற்படிகள் இருப்பதால், சக்கர நாற்காலியில் வரும் என் தாயாரை ஞாயிறுதோறும் ஆள்கள் தூக்கித்தான் உள்ளே கொண்டுபோகிறார்கள். பாரம்பரியச் சட்டம் சாய்தளத்துக்கு இடம் கொடாது என்கிறது சபைக் குழு. உண்மையா?

பதில்: உண்மையல்ல. 60 ஆண்டுகளுக்கு மேற்பட்ட கட்டடத்தை அனுமதியின்றி மாற்றக் கூடாது என்பதே 1999ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரிய வளச் சட்டத்தின் நிபந்தனை. உங்கள் மாகாணமான குவாசூலு-நட்டாலில் அந்த அனுமதியைத் தருவது, பாரம்பரியக் கட்டடங்களைக் கவனிக்கும் அமாஃபா நிறுவனம். மேலும், மாற்றுத்திறனாளிகளை நியாயமின்றித் தடுக்கும் இடையூறுகளை நீக்கத் தவறுவதையே பாகுபாடு என்கிறது 2000ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம். இதைக் குழுவிடம் தயங்காமல் எடுத்துச் சொல்லுங்கள்.

தென்னாப்பிரிக்கக் கட்டடத் தரநிலைப்படி சரிவு 1:12க்கு (ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம்) மிகாமலும், அகலம் 1,100 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். ஒரு படி 150 மில்லிமீட்டர் என்றால் நான்கு படிக்கு 600. அதற்குச் சாய்தளம் மட்டுமே 7.2 மீட்டர் நீளும், மேலும் கீழும் நாற்காலி நின்று திரும்பச் சமதளமும் வேண்டும். முன்வாசலில் இத்தனை இடம் கிடைப்பது அரிது. அதற்காகப் படிமேல் பலகையைச் சாய்த்துப் போட்டுவிடாதீர்கள். அந்தச் செங்குத்தில் இறங்கும்போது நாற்காலி பிடிப்பவர் கையை மீறி ஓடிவிடும். வெளித்தரை உயர்ந்திருக்கும் பக்கவாசல் ஏதேனும் உண்டா என்று முதலில் பாருங்கள். இருந்தால், ஆராதனை நாளில் அது எல்லாருக்கும் திறந்திருக்கும் வாசலாக இருக்க வேண்டும். சாவிக்காரரைத் தேடி உங்கள் தாயார் வெளியே காத்திருப்பது முறையல்ல.

சாய்தளத்தைக் கற்சுவரோடு ஒட்டிச் சிமென்ட்டால் கட்ட ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். சுண்ணாம்புக் காரையால் எழுப்பிய சுவர் தன் ஈரத்தைக் காரை வழியே வெளியேற்றும். சிமென்ட் அவ்வழியை அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கி, நாளடைவில் கல்லின் மேற்பரப்பு பொடிப்பொடியாக உதிரும். சுவரை விட்டுச் சற்று விலகி, எஃகுச் சட்டத்தில் தனித்து நிற்கும் சாய்தளமே என் பரிந்துரை. பிற்காலத்தில் கழற்றினாலும் கட்டடத்தில் வடு இராது என்பதால் அனுமதி பெறவும் அது எளிது. மழையில் வழுக்காத தளமும் இருபுறமும் கைப்பிடியும் அவசியம்.

விண்ணப்பத்தில் இன்னொன்றையும் சேர்த்துவிடுங்கள்: நடுவரிசை பெஞ்சு ஒன்றின் ஓரத்தில் 900 மில்லிமீட்டர் நீளத்தை வெட்டிக் குறைத்தால், தாயார் நடைபாதையில் தனியே இராமல் உங்கள் பக்கத்திலேயே இருக்கலாம்.