சீன கார்பன் பிரேம் வாங்கலாமா? குமரிக்காரர்களின் கேள்விகளும் என் பதில்களும்

சீனாவிலிருந்து கார்பன் நாரில் செய்த சைக்கிள் பிரேம் வரவழைத்து சொந்தமாக ரோடு பைக், அதாவது தார் ரோட்டில் வேகமாக ஓட்டும் சைக்கிள், கட்டுவது பற்றி நம்ம மாவட்டத்திலிருந்து நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். நாலு பேர் ஒரே கேள்வியைக் கேட்ட இடத்தில் ஒன்றாக்கிவிட்டேன்.

நாகர்கோவிலிலிருந்து: அண்ணாச்சி, சீனா கார்பன் ஓடும்போதே ஒடிஞ்சிடும்னு எல்லாரும் பயமுறுத்துறாங்க. நம்பி ஏறலாமா?

எந்தச் சீனா கார்பன் என்பதைப் பொறுத்தது. பெரிய ஐரோப்பிய, அமெரிக்க பிராண்டுகளின் கார்பன் பிரேம்களே பெரும்பாலும் சீனாவிலும் தைவானிலும்தான் உருவாகின்றன. அதனால் ஊர்ப் பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

வின்ஸ்பேஸ், யோலியோ, ஐகேன் போல சொந்தப் பெயரில் விற்கும் கம்பெனிகள் ஒரு வகை. அச்சு எந்த ஒரு பிராண்டுக்கும் தனியுரிமை இல்லாமல், பல கடைக்காரர்கள் ஒரே பிரேமை விற்கும் ‘ஓபன் மோல்டு’ இன்னொரு வகை. மூன்றாவது, பினரெல்லோ, ஸ்பெஷலைஸ்டு என்று ஸ்டிக்கர் ஒட்டிக் கால் விலைக்கு வரும் போலி. முதல் இரண்டையும் விசாரித்து வாங்கலாம். போலியைத் தொடவே வேண்டாம். பெயரிலேயே ஏமாற்றுகிறவன், கண்ணுக்குத் தெரியாத உள்பக்கத்தில் எத்தனை அடுக்கு நார் வைத்தான் என்று யார் கேட்கப் போகிறார்கள்?

விற்பவரிடம் ஐஎஸ்ஓ 4210 சோதனை அறிக்கை கேளுங்கள். சைக்கிள் பாதுகாப்புக்கான சர்வதேச தரம் அது. நீங்கள் வாங்கும் அதே மாடலுக்கான அறிக்கையாக இருக்க வேண்டும், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் போர்க்குக்கும் சேர்த்து. பிரேமில் விரிசல் விட்டால் சில நேரமாவது சத்தம் போட்டுக் காட்டிக் கொடுக்கும். போர்க் ஒடிந்தால் நேரே முகம்தான் தரையில். எல்லோரும் பிரேமைப் பற்றியே கேட்கிறீர்கள், போர்க்கைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

தக்கலையிலிருந்து: டி700, டி800, டி1000. எதை வாங்குவது?

இவை ஜப்பானின் டோரே கம்பெனி தன் கார்பன் நாருக்கு வைத்த பெயர்கள். எண் ஏற ஏற நாரின் இழுவைப் பலம் கூடும், அவ்வளவுதான். நாரை எந்தக் கோணத்தில், எத்தனை அடுக்கு, எங்கே வைத்தார்கள் என்பதுதான் பிரேமின் குணத்தைத் தீர்மானிக்கும். நம்ம ரோட்டுக்கு ஒழுங்காகச் செய்த டி700 தாராளம். டி1000 என்று எழுதி 200 கிராம் குறைத்துக் கொடுப்பவரைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

மார்த்தாண்டத்திலிருந்து: அலிஎக்ஸ்பிரஸ் இங்கே திறக்கவே மாட்டேங்குது. எப்படி வாங்குறது? கஸ்டம்ஸ்ல எவ்வளவு பிடிப்பாங்க?

சீன ஆன்லைன் கடையான அலிஎக்ஸ்பிரஸை 2020 நவம்பரில் இந்தியாவில் தடை செய்துவிட்டார்கள். கம்பெனியின் சொந்த இணையதளத்திலோ, விற்பனையாளரிடம் நேரடியாகவோ வாங்கலாம். பணத்தை கிரெடிட் கார்டு அல்லது பேபால் வழியாகக் கொடுங்கள். பேபாலில் 180 நாளுக்குள் புகார் கொடுக்க வழியிருக்கிறது. ‘வங்கிக் கணக்குக்கு நேரா அனுப்புங்க, 5 சதவீதம் தள்ளுபடி’ என்பார்கள். அந்தத் தள்ளுபடி நமக்கு வேண்டாம்.

வரி விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறலாம், அதனால் ஆர்டர் போடும் வாரத்தில் கூரியர்காரர்களிடமே கேளுங்கள். கணக்குப் போடும் முறையை மட்டும் சொல்கிறேன். பொருள் விலை, அனுப்பும் செலவு, இன்சூரன்ஸ் மூன்றையும் கூட்டிய தொகைக்குத்தான் சுங்க வரி. அந்த வரியையும் சேர்த்து வரும் தொகைக்கு ஐஜிஎஸ்டி, அதாவது இறக்குமதிக்கான ஜிஎஸ்டி. இதற்கு மேல் கூரியரின் கையாளும் கட்டணம். ஓபன் மோல்டு பிரேமும் போர்க்கும் பெரும்பாலும் 400 முதல் 700 டாலருக்குக் கிடைக்கும். அதை ரூபாயாக மாற்றிப் பார்த்து, ‘அட, இவ்வளவுதானா’ என்று துள்ளாதீர்கள்.

விலையைக் குறைத்து இன்வாய்ஸ் போட்டுத் தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். அதிகாரிக்குச் சந்தேகம் வந்தால் அவரே மதிப்புப் போடுவார், அபராதமும் வரலாம். வழியில் பெட்டி தொலைந்தாலும் அந்தக் குறைந்த விலைக்குத்தான் ஈடு கேட்க முடியும். ‘கிஃப்ட்’ என்று எழுதித் தப்பித்த காலம் 2019-லேயே முடிந்துபோயிற்று. ஆதார், பான் விவரம் கேட்பார்கள், தயாராக வைத்திருங்கள். அப்புறம், சீனப் புத்தாண்டுக்கு முன்னே பின்னே ஆர்டர் போடாதீர்கள். ஜனவரி, பிப்ரவரியில் தொழிற்சாலைகள் வாரக்கணக்கில் மூடிக்கிடக்கும், நீங்கள் அனுப்பும் செய்திக்குப் பதில்கூட வராது.

குளச்சலிலிருந்து: அண்ணே, வீடு கடற்கரைல இருந்து கூப்பிடு தூரம். கார்பன்னா துருப்பிடிக்காதுல்ல? அதுக்காகத்தான் வாங்கப் போறேன்.

கார்பன் துருப்பிடிக்காது தம்பி. ஆனால் கார்பனைத் தொட்டுக்கொண்டிருக்கும் அலுமினியத்தின் கதி வேறு. கார்பன் மின்சாரம் கடத்தும். அலுமினியத்தோடு அது ஒட்டியிருக்கும் இடத்தில் உப்புத் தண்ணீர் சேர்ந்தால் சின்ன பேட்டரி போல வேலை செய்யும், அலுமினியம் அரிக்கும்.

மணவாளக்குறிச்சியிலிருந்து ஒருவர் கொண்டுவந்த சைக்கிளில் சீட்டைத் தாங்கும் குழாயான சீட்போஸ்ட் அசையவே இல்லை. கார்பன் பிரேம், அலுமினிய போஸ்ட். கிளாம்பைக் கழற்றினால் விளிம்பைச் சுற்றி வெள்ளையாகத் திருநீறு மாதிரிப் பொடி. அந்தப் பொடி அலுமினியத்தைவிட அதிக இடம் பிடிக்கும், அதனால் போஸ்ட் உள்ளேயே இறுகிவிட்டது. சுத்தியல் போட்டால் பிரேம் போகும், சூடு காட்டினால் நாரைப் பிடித்திருக்கும் ரெசின் போகும். கடைசியில் போஸ்ட்டை மேலே அறுத்துவிட்டு, உள்ளே மிச்சமிருந்ததை ஹாக்சா பிளேடால் கொஞ்சம் கொஞ்சமாகக் கீறி எடுத்தோம். இரண்டு நாள் வேலை.

ஆகவே, உங்களுக்குக் கார்பன் சீட்போஸ்ட். அதற்கு கிரீஸ் வேண்டாம், கார்பன் பேஸ்ட் போடுங்கள். அதில் இருக்கும் நறநறப்பான துகள் பிடிமானம் கொடுக்கும், போல்ட்டைக் குறைவாக முறுக்கினாலே போதும். மாதம் ஒருமுறை வெளியே எடுத்துத் துடைத்துத் திரும்பப் போடுங்கள். பாட்டில் கேஜ் போல்ட்டுக்கெல்லாம் கிரீஸ்.

பெடல் அச்சு சுழலும் இடமான பாட்டம் பிராக்கெட்டில் மரை போட்ட பிஎஸ்ஏ அல்லது டி47 வகை உள்ள பிரேமாகப் பாருங்கள். அழுத்திச் செருகும் பிபி86-இல் துளை நூல் பிசகினாலும் கிறீச் கிறீச் என்று உயிரை வாங்கும், கழற்றிப் போடத் தனிக் கருவியும் வேண்டும். பிஎஸ்ஏ-வில் ஒரு விஷயம்: வலது பக்கப் பேரிங் கப்புக்கு மரை எதிர்த் திசை. தெரியாமல் முறுக்கிப் பிரேமைக் கெடுத்தவர்கள் உண்டு.

கேபிள் எல்லாம் ஹெட்செட் (ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங் செட்) வழியாக உள்ளே ஓடும் பிரேமை கடலோரத்துக்காரர்களுக்கு நான் சிபாரிசு செய்வதில்லை. மழையும் வியர்வையும் முதலில் தின்பது மேல் பேரிங்கைத்தான். சாதாரண ஹெட்செட்டில் அதை மாற்ற அரை மணி நேரம் போதும். இதில் பிரேக் ஹோஸைக் கழற்றி, மறுபடி ஆயில் ஏற்றி, ஒரு பொழுது போய்விடும். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை.

தோவாளையிலிருந்து: 50 எம்எம் ஆழமான ரிம் போடணும்னு ஆசை. ஆரல்வாய்மொழி காத்துல தாங்குமா?

ரிம் தாங்கும், நீங்கள் தாங்குவீர்களா என்பதுதான் கேள்வி. முப்பந்தலில் அத்தனை காற்றாலை சும்மாவா நிற்கிறது? தென்மேற்குப் பருவத்தில் மேற்கிலிருந்து கணவாய் வழியே பாய்கிற காற்று, காவல்கிணறு போகும்போது முதுகில் தள்ளிவிடும், திரும்பும்போது வட்டியோடு வசூலிக்கும். இதையெல்லாம் சமாளிக்கலாம். காவல்கிணற்றிலிருந்து கன்னியாகுமரிக்குத் தெற்கே திரும்பியதும் அதே காற்று பக்கவாட்டில் அடிக்கும். லாரி ஒன்று முந்தும்போது ஒரு நொடி காற்று நின்று, லாரி போனதும் அறைகிற மாதிரி வரும். ஆழமான முன்சக்கரம் அப்போது ஹேண்டிலையே திருப்பும்.

பின்னால் 50 இருக்கட்டும், அது ஸ்டீயரிங்கைத் தொடாது. முன்னால் 30 அல்லது 35 போதும். 55 கிலோ எடைக்காரர் என்றால் இன்னும் கவனம். டயரைப் பிடிக்கும் உள்மடிப்பு இல்லாத ஹூக்லெஸ் ரிம் என்றால் அதற்கு ஒத்த டயர்தானா என்று பார்த்து, காற்றை 5 பாருக்கு மேல் ஏற்றாதீர்கள்.

குலசேகரத்திலிருந்து: ரிம் பிரேக்கா, டிஸ்க் பிரேக்கா? பேச்சிப்பாறை, பெருஞ்சாணிப் பக்கம்தான் ஓட்டுவேன்.

டிஸ்க். உங்கள் பக்கம் இரண்டு பருவமழையும் உண்டு, ரப்பர்த் தோட்டத்து ரோடு மழை விட்ட பிறகும் ஈரமாகவே கிடக்கும். ஈரத்தில் கார்பன் ரிம்மைப் பிரேக் பேட் பிடிக்க நேரமாகும். 32 எம்எம் டயர் நுழைகிற பிரேமாக வாங்குங்கள். 25-ஐ வைத்துக்கொண்டு அந்தக் குழிகளில் ரிம்மை அடித்து நொறுக்க வேண்டாம்.

இரணியலிலிருந்து: உயரம் 168 செ.மீ. ஒருத்தர் 52ங்கிறார், ஒருத்தர் 49ங்கிறார்.

இரண்டையும் மறந்துவிடுங்கள். ஒரு கம்பெனியின் 52 இன்னொரு கம்பெனியின் 49-ஆக இருக்கும். ‘ஸ்டாக்’, ‘ரீச்’ என்று இரண்டு அளவு அட்டவணையில் இருக்கும். பாட்டம் பிராக்கெட் நடுவிலிருந்து, முன்பக்கம் ஹேண்டில் பொருந்தும் குழாயான ஹெட் ட்யூபின் உச்சி எவ்வளவு உயரம், எவ்வளவு முன்னால் என்பதுதான் அவை. உங்களுக்கு முதுகு வலிக்காத ஒரு சைக்கிளின் இந்த அளவுகளை எடுத்து, அதற்கு நெருக்கமானதை வாங்குங்கள். முதல் தடவையே ஹேண்டிலும், அதைப் போர்க்கோடு இணைக்கும் ஸ்டெம்மும் ஒன்றாக ஒட்டிய பாரை வாங்க வேண்டாம். நீளம் ஒத்துவராவிட்டால் முழுசாகத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

வடசேரியிலிருந்து: வீட்டிலேயே கட்டலாமா? ஸ்டீயரர் ட்யூபை அறுக்கக் கை நடுங்குது.

நடுங்கட்டும், நல்லதுதான். ஸ்டீயரர் என்பது ஹெட் ட்யூப் வழியே மேலே வரும் போர்க்கின் குழாய். அதை அறுப்பதற்கு முன்னால் பெட்டி பிரிப்பதை முழுக்க வீடியோ எடுங்கள். டார்ச் அடித்துப் பிரேமின் உள்ளேயும் ஸ்டீயரர் குழாயின் உள்ளேயும் பாருங்கள். நார் சுருங்கி மடிப்பு விழுந்திருக்கிறதா, ரெசின் கட்டியாக நிற்கிறதா என்று. இருந்தால் படம் எடுத்து உடனே அனுப்புங்கள். ஒரு பாகம்கூட மாட்டியிருக்கக் கூடாது, மாட்டிவிட்டால் பழி உங்கள் மேல் விழும்.

முதலில் ஸ்டெம்முக்கு மேலும் கீழும் போடும் வளையங்களான ஸ்பேசர்களைத் தாராளமாக வைத்து, உயரமாகவே ஓட்டிப் பாருங்கள். உட்காரும் நிலை பிடிபட்ட பிறகு அறுங்கள். நுண்பல் ஹாக்சா பிளேடு, நேராக வர ஒரு கைடு, முகத்துக்கு மாஸ்க், பிளேடு படும் இடத்தில் தண்ணீர். கார்பன் தூள் நுரையீரலுக்குள் போகக் கூடாது. வெட்டு விளிம்பு ஸ்டெம்முக்கு மேலுள்ள ஸ்பேசரின் உச்சியிலிருந்து 3 எம்எம் கீழே நிற்க வேண்டும். உள்ளே விரிந்து பிடிக்கும் எக்ஸ்பாண்டர் பிளக் போடுங்கள். அலுமினிய ஸ்டீயரருக்கு அடிக்கிற ஸ்டார் நட்டைக் கார்பனில் அடித்தால் குழாய் உள்ளுக்குள் கீறிப்போகும்.

முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் கார்பன் பக்கமே போகாதீர்கள். ஸ்டெம் போல்ட் பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர். பாகத்தின் மேல் எழுதியிருப்பதே கடைசி வார்த்தை. மோட்டார் பைக் மெக்கானிக் ‘இன்னும் ஒரு முறுக்கு’ கொடுக்க வந்தால் ஸ்பேனரை வாங்கி வைத்துவிடுங்கள்.

முட்டத்திலிருந்து: கீழே விழுந்ததில் டாப் ட்யூப்ல கீறல். ஊர்ல படகுக்கு பைபர் ஒட்டுறவர் இருக்கார், அவர்கிட்ட கொடுக்கலாமா?

அவர் கைத்திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. பொருள்தான் வேறு. படகுக்குக் கண்ணாடி நாரும் பாலியெஸ்டர் ரெசினும் போடுவார்கள். உங்கள் பிரேம் கார்பன் நாரும் எபாக்சியும். இறுகிய எபாக்சி மேல் பாலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது. பார்க்கப் பளபளவென்று இருக்கும், பாரம் தாங்காது.

முதலில் அது பெயின்ட் கீறலா, நாரே முறிந்ததா என்று பாருங்கள். நாணயத்தால் கீறலைச் சுற்றித் தட்டிக்கொண்டே வாருங்கள். ‘டிக் டிக்’ என்று வந்த சத்தம் ஓரிடத்தில் மந்தமானால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கிறது. நகத்தால் அழுத்தி அமுங்கினாலும் அதேதான். டாப் ட்யூப் என்றால் கார்பன் வேலை தெரிந்தவரிடம் அனுப்பிச் சரிசெய்யலாம். போர்க் என்றால் பேச்சே இல்லை, புதுசு.

பூதப்பாண்டியிலிருந்து: சென்சா, எல்-டூ போன்ற சீன கியர் செட் பரவாயில்லையா?

வேலை செய்யும். ஆனால் ஷிமானோ டியாக்ரா, 105 என்றால் பேடும் செயினும் தேடி அலைய வேண்டாம், திருவனந்தபுரம் போனால் கிடைத்துவிடும். பட்ஜெட் இடித்தால் ரிம்மில் குறையுங்கள், பிரேக்கில் வேண்டாம். சில புதுப் பிரேம்களில் எலக்ட்ரானிக் கியருக்கு மட்டும்தான் வழி இருக்கும், சாதாரண கேபிள் போகாது. ஆர்டருக்கு முன்னால் கேட்டுவிடுங்கள். பின் கியரைத் தாங்கும் டீரெய்லர் ஹேங்கர் கூடுதலாக இரண்டும், ஹெட்செட் பேரிங் ஒரு செட்டும் அதே பெட்டியில் போடச் சொல்லுங்கள். 300 ரூபாய் ஹேங்கர் இல்லாமல் சைக்கிள் மாசக்கணக்கில் சுவரில் சாய்ந்து நிற்பதை நிறையப் பார்த்தாயிற்று.

திருவட்டாறிலிருந்து ஒரு அம்மா: பையன் பிளஸ் ஒன் படிக்கிறான். இந்த மாதிரி பிரேம் வாங்கித் தரச் சொல்லி ஒரே பிடிவாதம். என்ன செய்ய?

இப்போது வேண்டாம் அக்கா. அவன் இன்னும் வளர்கிற பையன், இன்றைக்கு அளவெடுத்தது அடுத்த வருஷம் சின்னதாகிவிடும். கீழேயும் விழுவான், விழாமல் யாரும் பழகியதில்லை. நல்ல அலுமினிய ரோடு பைக், கார்பன் போர்க்கோடு வருவது ஒன்று வாங்கிக் கொடுங்கள். மிச்சப் பணத்தில் ஹெல்மெட், முன் விளக்கு, பின் விளக்கு. செயின் கழற்றிப் போடவும், கியர் டியூன் பண்ணவும் அதிலேயே பழகட்டும். காலேஜ் போன பிறகும் இதே ஆசை இருந்தால் என்னிடம் அனுப்புங்கள், சேர்ந்து கட்டுவோம்.