ஆர்.பி. மீது புகார் கொடுத்தால் பாக்கி கைக்கு வருமா?

கேள்வி: திருப்பூரில் நூல் வியாபாரம் செய்கிறேன். சரக்கு வாங்கிய கம்பெனி திவால் நடைமுறையில் இருக்கிறது. வரவேண்டிய 38 லட்சத்தில் பாதியை ஆர்.பி. (திவால் நடைமுறையை நடத்தும் தீர்வு நிபுணர்) ஏற்கவில்லை, காரணமும் சொல்லவில்லை. திவால் வாரியத்தில் (ஐபிபிஐ) புகார் கொடுத்தால் பணம் கிடைக்குமா?

பதில்: நேரடியாகக் கிடைக்காது. வாரியத்தால் ஆர்.பி.யைத் தண்டிக்க முடியும். உங்கள் பாக்கியை ஏற்கச் சொல்லி உத்தரவு போடும் இடம் என்சிஎல்டி (தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம்) தான். அந்த கம்பெனியின் வழக்கு நடக்கும் அமர்விலேயே 2016 திவால் சட்டத்தின் 60(5) பிரிவில் மனு போடுங்கள். ஆர்.பி. நீதிபதி இல்லை, அவர் வேலை நிர்வாக வேலை என்று 2019-ல் சுவிஸ் ரிப்பன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உங்களுக்குச் சாதகம்.

அப்படியானால் வாரியம் எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2016 சட்டத்தின் 220-வது பிரிவு, நடந்த நஷ்டத்தைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் போட இடம் தருகிறது. கணக்கிட முடியாவிட்டால் ஒரு கோடி வரை. ஆனால் அந்தப் பணம் அரசுக் கணக்குக்குப் போகிறது. பாதிக்கப்பட்டவருக்குத் திருப்பித் தரவும் வழி உண்டு, அதுவும் தப்பு செய்தவர் அடைந்த சட்டவிரோத லாபத்தைப் பறிமுதல் செய்தால் அதிலிருந்து மட்டும். உங்கள் பாக்கியை வெட்டியதால் ஆர்.பி. பையில் எதுவும் விழவில்லையே, எதைப் பறிப்பது? சிறு சப்ளையர்களை இந்தச் சட்டம் கைவிடுகிற இடம் இதுதான் என்பது என் கருத்து.

இன்னொன்று, கம்பெனியை என்ன செய்வது என்ற முடிவுகளை எடுப்பது வங்கிகள் நிறைந்த கடன் கொடுத்தோர் குழு. அவர்களுக்கு வாரியம் 2024 ஆகஸ்டில் வழிகாட்டுதல் வெளியிட்டது, மீறினால் தண்டனை இல்லை. விதி எழுதுவது, விசாரிப்பது, தீர்ப்பு சொல்வது எல்லாம் ஒரே வாரியம். தண்டிக்கப்பட்ட ஆர்.பி.க்குச் சட்டத்தில் மேல்முறையீடு கிடையாது, அதனால் உயர் நீதிமன்றத்துக்குப் போகிறார், விஷயம் இழுக்கிறது.

இருந்தாலும் புகாரை விடாதீர்கள். கட்டணம் 2,500 ரூபாய். அதற்கு முன், காரணம் கேட்டு ஆர்.பி.க்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பில், இ-வே பில், லெட்ஜர், அவருடைய பதில் எல்லாம் இரண்டு இடத்துக்கும் தேவைப்படும்.

ஆனால் முதலில் என்சிஎல்டி மனு. தீர்வுத் திட்டத்துக்கு (கம்பெனியை மீட்டு யாருக்கு எவ்வளவு தருவது என்ற திட்டம்) ஒப்புதல் கிடைத்துவிட்டால், அதில் இல்லாத பாக்கி அதோடு முடிந்தது என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. திட்டம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று இன்றே விசாரியுங்கள்.