இந்தத் திருவிழாவுக்கு ஐந்து சுரம் போதும்

கேள்வி: எங்கள் பங்கு இளைஞர்கள் சேர்ந்து பேண்டு ஆரம்பித்திருக்கிறோம். 3 கிளாரிநெட், 4 டிரம்பெட், ஆல்டோ சாக்ஸ், டிராம்போன், யூஃபோனியம் தலா ஒன்று, டிரம் அடிக்க 4 பேர். பாதிப் பேர் கடலுக்குப் போகிறவர்கள். ஆறு மாதமாகப் பழகுகிறோம். 'சைலண்ட் நைட்' எடுத்தால் பாதியிலேயே டிரம்பெட்டெல்லாம் நின்றுபோகிறது. சாக்ஸ் சேர்ந்தாலே அபசுரம். மாஸ்டரோ 'ரகுவம்ச சுதா' கீர்த்தனை ஊதினால்தான் ஊர் மதிக்கும் என்கிறார். திருவிழாவுக்கு எந்தப் பாட்டை எடுப்பது?
– ஒரு வாசகர், தங்கச்சிமடம்

பதில்: தம்பி, டிரம்பெட்காரர்களைத் திட்டாதீர்கள். தப்பு பாட்டின் மேல். 'சைலண்ட் நைட்' தாலாட்டுப் போல மெதுவாகப் போவதால் சுலபம் என்று நம்பி எடுப்பவர்கள் ஏராளம். 1818-இல் ஆஸ்திரியாவில் ஒரு சின்ன ஊர்க் கோயிலில் கிட்டாரோடு பாடுவதற்காக மெட்டுப் போட்டது அது. தொண்டைக்குச் சுகம், புது உதட்டுக்கு வதை. அதன் சுரங்கள் கீழ் ச-விலிருந்து மேல் ஸ்தாயி ம வரை விரிகின்றன. ஆறு மாத உதடு அந்த ம-வை எட்டுவதற்குள் செத்துவிடும். கிளாரிநெட்டுக்கு வேறு தொல்லை. நடுவில் ஓரிடத்தில், அநேகமாக எல்லா ஓட்டையும் திறந்திருக்கும் சுரத்திலிருந்து எல்லாவற்றையும் மூட வேண்டிய சுரத்துக்குக் கண் இமைக்கும் நேரத்தில் மாற வேண்டும். கீச்சென்று கத்துவது அங்கேதான்.

அதனால் எந்தப் பாட்டை எடுத்தாலும், அடியிலிருந்து உச்சி வரை எத்தனை சுரம் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். தெரிந்த பாட்டா, மெதுவான பாட்டா என்பதெல்லாம் அப்புறம்.

ஐந்தே சுரத்தில் முடிந்துபோகிற பாட்டு ஒன்று இருக்கிறது: 'வென் த செயின்ட்ஸ் கோ மார்ச்சிங் இன்'. அமெரிக்கக் கறுப்பின மக்களின் பக்திப் பாட்டு. நியூ ஆர்லியன்ஸில் அடக்கம் முடிந்து திரும்பும் கூட்டத்துக்கு முன்னால் இதைத் துள்ளலாக ஊதிக்கொண்டு வருவார்கள். 'ச க ம ப, ச க ம ப, ச க ம ப க ச க ரி' என்று பிடித்துப் பாருங்கள். கடைசி வரை ச-வுக்குக் கீழே இறங்காது, ப-வுக்கு மேலே ஏறாது. புனிதர்கள் அணிவகுத்து வருகிற பாட்டு, தேர்ப்பவனிக்கு இதைவிடப் பொருத்தமாக எது கிடைக்கும்?

அடுத்தது பேத்தோவன். 1824-இல் அரங்கேறிய ஒன்பதாம் சிம்பொனியின் கடைசிப் பகுதியில் வரும் மெட்டு: 'க க ம ப ப ம க ரி ச ச ரி க க ரி ரி'. பெரும்பாலும் பக்கத்துச் சுரத்துக்குத்தான் நகரும். மூன்றாவது வரியில் ஒரே ஒரு தடவை கீழ் ப வரும். சிரமமாக இருந்தால் டிரம்பெட்டுகள் அந்த இடத்தில் மூச்சு வாங்கட்டும், தாழ்ந்த சுரம் ஊதும் யூஃபோனியம் பார்த்துக்கொள்ளும்.

மூன்றாவதுக்கு ஐரோப்பா வரை போக வேண்டாம். முத்துசுவாமி தீட்சிதர் சென்னைக் கோட்டைப் பேண்டில் கேட்ட மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். நொட்டுஸ்வரம் என்று பெயர், நாற்பது வரை இருக்கின்றன, எல்லாம் சங்கராபரண ராகம். கமகம், அதாவது சுரத்தை அசைப்பது, கிடையாது, நேரான சுரங்கள். 'சியாமளே மீனாக்ஷி'யை ஊதினால், கேட்கிற பிள்ளைகள் 'ட்விங்கிள் ட்விங்கிள்' என்று பாட ஆரம்பித்துவிடும். இரண்டும் ஒரே மெட்டு, ஆறே சுரம். மூன்று தட்டுத் தாளம் வேண்டுமென்றால் 'சந்ததம் பாஹிமாம்'. அது பிரிட்டிஷ் ராஜ வாழ்த்தின் மெட்டு. பேண்டிலிருந்து போனது மறுபடி பேண்டுக்கு வரட்டுமே. சினிமாப் பாட்டு கட்டாயம் என்றால் பல்லவியோடு நிறுத்துங்கள். சரணத்தில் பாடகர் ஏறுகிற உயரம் உங்களுக்கு ஆகாது.

இப்போது சாக்ஸ். அந்தத் தம்பி மேல் குற்றமில்லை. எல்லாருக்கும் ஒரே தாளை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருப்பீர்கள். கிளாரிநெட்டும் டிரம்பெட்டும் பி ஃபிளாட் வாத்தியங்கள், அதாவது தாளில் 'சி' பார்த்து ஊதினால் பி ஃபிளாட் கேட்கும், ஒரே தாள் சரிப்படும். ஆல்டோ சாக்ஸ் ஈ ஃபிளாட். தாளில் 'சி' என்று பார்த்து இரண்டு பேரும் ஊதினால் இரண்டு வேறு சுரம் கேட்கும். டிரம்பெட் 'சி டி ஈ எஃப் ஜி' ஊதும் இடத்தில் சாக்ஸுக்கு 'ஜி ஏ பி சி டி' என்று தனியாக எழுதிக் கொடுங்கள். ஒரு ராத்திரி வேலை.

டிராம்போனை மெட்டுக்குள் இழுக்காதீர்கள். பி ஃபிளாட்டில் ச, ரி, க, ம, ப ஊத வேண்டுமானால் ரி-க்கு ஸ்லைடை (இழுத்து நீட்டும் குழாயை) ஆறாவது பொசிஷன் வரை தள்ளக் கை நீள வேண்டும். ஆனால் ச-வும் ப-வும் ஸ்லைடை நகர்த்தாமலே கிடைக்கும். அந்த இரண்டை மட்டும் நீளமாகப் பிடிக்கட்டும். மேலே சொன்ன பாட்டுகளுக்கு அடி சுருதியாக அது போதும், நிறைந்து கேட்கும்.

மாஸ்டரின் ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். 'ரகுவம்ச சுதா' பட்டணம் சுப்பிரமணிய ஐயர் செய்தது. அவருடைய சீடர் பூச்சி ஐயங்கார் உங்கள் ராமநாதபுரத்துக்காரர் வேறு. ஆனால் அதன் ராகமான கதனகுதூகலத்தின் ஆரோகணமே 'ச ரி ம த நி க ப ச' என்று தாவித் தாவிப் போகும், உருப்படியும் விறுவிறுப்பானது. வாத்தியம் கைக்கு வந்தவர்களுக்கே வியர்க்கும். முதலில் சங்கராபரணத்தை ஏற்ற இறக்கமாக, ஒரே சீரான மூச்சில் ஊதிக் காட்டுங்கள். அப்புறம் அவரே எடுத்துக் கொடுப்பார்.

பயிற்சிக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறது. விசைப்படகுக்காரர்கள் கரையில்தான் இருப்பார்கள். ஒரே மூச்சாக இரண்டு மணி நேரம் ஊத வேண்டாம். அரை மணி போதும், ஊதிய நேரத்துக்குச் சமமாக உதட்டுக்கு ஓய்வு கொடுங்கள். பவனியிலும் அப்படித்தான்: ஒரு பாட்டு, பிறகு ஒரு தெரு நீளத்துக்கு டிரம் மட்டும். அடுத்த பாட்டைக் கிளாரிநெட் தொடங்கட்டும், டிரம்பெட் இரண்டாவது தடவையில் சேரட்டும். கடற்காற்றில் தாள் பறக்கும், துணி கிளிப் நாலு கையில் இருக்கட்டும்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை. பாம்பன் பாலத்தையே அரித்த உப்புக்காற்று உங்கள் பித்தளையை விட்டுவைக்காது. ஊதி முடித்ததும் உள்ளே நிற்கும் தண்ணீரை வடித்து, வெளியே மெல்லிய துணியால் துடைத்து, வால்வுக்கு எண்ணெய் போட்ட பிறகே பெட்டியை மூடுங்கள். மறுநாள் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் வால்வு இறுகிவிடும்.