வீடு தேடி வரும் சுகாதாரப் பணியாளருக்குக் காப்பீட்டில் பணம்: கேள்வி பதில்

கோட்டையூரிலிருந்து: எங்க அப்பத்தாவுக்கு வீட்டுக்கே வந்து பிரஷர் பார்க்கும் அக்காவுக்கு முதலமைச்சர் காப்பீட்டிலிருந்துதான் பணம் போகுதா?

இல்லை. அந்தக் காப்பீடு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை, பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்து பார்க்கும் வைத்தியத்துக்கு. வீட்டுக்கு வருபவர் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் தன்னார்வலர். அவருக்குக் கிடைப்பது அரசு நிதியிலிருந்து மாத ஊக்கத்தொகை.

தேவகோட்டையிலிருந்து: காப்பீடே இதற்குப் பணம் தரும் நாடு உண்டா ஐயா?

அமெரிக்காவில் உண்டு. முதியோருக்கான மெடிக்கேர் 2024 ஜனவரி 1 முதல் தருகிறது. முதலில் மருத்துவர் நோயாளியைப் பார்த்து, சாப்பாடு, போக்குவரத்து, வீடு போன்ற எந்தக் குறை சிகிச்சைக்குக் குறுக்கே நிற்கிறது என்று எழுத வேண்டும். நோயாளியின் சம்மதத்தையும் பதிய வேண்டும். பிறகு பணியாளர் செலவிட்ட நேரம் மாதம் 60 நிமிடம் சேர்ந்தால் ஜி0019 என்ற குறியீட்டில் பில். அதற்கு மேல் ஒவ்வொரு 30 நிமிடத்துக்கும் ஜி0022. பில் போடுவது மருத்துவர்தான், பணியாளர் அல்ல. ஏழைகளுக்கான திட்டத்தில் கலிபோர்னியா 2022 ஜூலை முதல் தருகிறது.

புதுவயலிலிருந்து: அதையே இங்கேயும் கொண்டுவரலாமே?

நிமிடக் கணக்கை அப்படியே கொண்டுவந்தால் நம் பணியாளர்தான் நஷ்டப்படுவார். ஊருக்கு ஊர் பொட்டல் வெயிலில் நடக்கிறார். ஒரு வீட்டில் 20 நிமிடம், அடுத்த வீட்டுக்குப் போக 20 நிமிடம் என்றால் 8 வீட்டுக்கு 160 நிமிடம் பில் ஆகும். நடந்த நேரத்துக்குக் காசில்லை. பூட்டிய வீட்டுக்கும் இல்லை. தலைக்கட்டுக் கணக்குதான், அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று தருவதுதான், சரி என்பது என் உறுதியான கருத்து. ஒரு பேச்சுக்கு, ஒருவர் பொறுப்பில் 300 குடும்பம். ஊதியம், பஸ் செலவு, சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப் எல்லாம் சேர்த்து மாதம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 1,80,000. குடும்பத்துக்கு 600 ரூபாய். பிரீமியத்திலேயே இதற்கென்று தனியாக ஒதுக்க வேண்டும். ஆஸ்பத்திரி கிளெய்மோடு ஒரே பையில் போட்டால் ஆபரேஷன் செலவு இதைத் தின்றுவிடும்.

பள்ளத்தூரிலிருந்து: வீட்டுக்கு வரும் பணியாளர் தன் நோட்டில் என்ன எழுதணும்?

தேதி, வந்த நேரம், போன நேரம், பிரஷர் அளவு, அட்டையில் மிச்சமிருக்கும் மாத்திரை. ‘பார்த்தேன், நலம்’ என்பது எந்தத் தணிக்கையிலும் நிற்காது. தினம் ஒன்று வீதம் 30 மாத்திரை கொடுத்து, 20 நாள் கழித்து 18 மிச்சம் இருந்தால் 8 வேளை விட்டுப்போயிருக்கிறது. ஏன் என்று கேட்டு அதையும் எழுதி, கிராம சுகாதார செவிலியரிடம் அன்றைக்கே சொல்லிவிடணும்.