அறிவியல் புனைவும் பரிந்துரையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மண்டபத்தில் நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதம் ஒருமுறை கூடிப் படிக்கிறோம். ஒரு இலக்கிய விருதுக்கு வாசகர்களும் பரிந்துரைக்கலாம் என்று அறிவித்திருக்கிறார்கள். இந்த முறை அறிவியல் புனைகதை அனுப்ப ஆசை. இரண்டு கதைகளை இணைத்திருக்கிறேன். ஒன்றில் தனுஷ்கோடியிலிருந்து விண்கலம் கிளம்புகிறது. எங்களில் மூத்தவருக்கு அதுதான் பிடித்திருக்கிறது. இன்னொன்று கடல்பாசி எடுக்கும் தாய், மகள் கதை. பாசி எங்கே கிடைக்கும் என்று செல்போன் செயலி சொல்கிறது. “இதில் என்ன அறிவியல் புனைவு?” என்கிறார்கள் பாதிப் பேர். எல்லாரும் ஒரே கதையை அனுப்பினால் எடுபடும் என்றும் ஒரு யோசனை. எது சரி?

– ஒரு வாசகர், மண்டபம்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டையும் படித்தேன். முதல் கதையில் விண்கலத்தை எடுத்துவிட்டு ஒரு விசைப்படகை வைத்துப் பாருங்கள். அண்ணன் தம்பி சொத்துச் சண்டை அப்படியே நடக்கும். பாசிக் கதையில் செயலியை எடுத்தால் கதையே கிடையாது. கடல் சூடேறிப் பருவம் தப்பியபின் அம்மாவின் கணக்கு பொய்க்கிறது, செயலி சொல்வது பலிக்கிறது. விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு தண்ணீரில் நிற்கும் அவள், “இன்னைக்கு எங்கே?” என்று மகளிடம் கேட்கிறாளே, அது அறிவியல் புனைவில் மட்டுமே வரக்கூடிய காட்சி.

குறை இல்லாமல் இல்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. செயலி தீவுக்குப் போ என்கிறது, சட்டம் போகாதே என்கிறது. எழுதியவர் இந்த முடிச்சைத் தொட்டுவிட்டு நழுவிவிட்டார். அப்புறம், பவளம் ஒரே இரவில் வெளுத்துச் செத்துப்போகிறது. வெளுப்பது சாவு அல்ல. தண்ணீர் சூடாகும்போது, பவளத்துக்குள் குடியிருந்து அதற்கு உணவு தரும் நுண்பாசிகள் வெளியேறுகின்றன; நிறமும் அவற்றோடு போய்விடுகிறது. சூடு சீக்கிரம் தணிந்தால் பவளம் பிழைத்துக்கொள்ளும். நீடித்தால்தான் பட்டினியில் சாகும். 2016-இல் உங்கள் கடலிலேயே இப்படி வெளுத்தது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல மையம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. அங்கே வேலை பார்ப்பவர் யாராவது படித்தால் சிரிப்பார். ஆனால் கதை அந்த இடத்தில் திரும்பவில்லை என்பதால் நான் பொறுத்துக்கொள்வேன். திரும்பியிருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

ஒரே கதையை எல்லாரும் அனுப்பும் யோசனைதான் எனக்குப் பிடிக்கவில்லை. அறிவியல் புனைவுக்குத் தரும் ஹியூகோ விருது 1953-இல் தொடங்கியது. உலக அறிவியல் புனைவு மாநாட்டுக்குப் பணம் கட்டி உறுப்பினரான வாசகர்கள்தான் அதற்குப் பரிந்துரைக்கிறார்கள், வாக்களிக்கிறார்கள். ஒருவர் ஒரு பிரிவில் ஐந்து வரை சொல்லலாம். ஆளுக்கொன்று பிடிப்பதால் பரிந்துரைகள் சிதறும். அதனால் 2016 வரை இருந்த விதிப்படி, சிறு கூட்டம் ஒன்று ஒரே பட்டியலை அனுப்பினாலும் இறுதிச் சுற்றை நிரப்பிவிட முடிந்தது. 2015-இல் நிரப்பினார்கள். மற்ற உறுப்பினர்களுக்குக் கோபம். வாக்குச்சீட்டில் ‘விருது இல்லை’ என்றும் ஒரு வாய்ப்பு உண்டு, அதற்கே வாக்களித்தார்கள். ஐந்து பிரிவுகளில் யாருக்கும் விருது இல்லை.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி வேறு. அந்தப் பட்டியலால் உள்ளே வந்த நாவலாசிரியர் ஒருவர், இப்படிக் கிடைத்த இடம் வேண்டாம் என்று விலகிக்கொண்டார். காலியான இடத்தில் சீன எழுத்தாளர் லியூ சிஷினின் நாவல் வந்தது. அதுவே வென்றது. மொழிபெயர்ப்பு நாவல் ஒன்றுக்கு ஹியூகோ கிடைத்தது அதுதான் முதல் முறை. விலகியவர் விலகாமல் இருந்திருந்தால் அது இறுதிச் சுற்றுக்கே வந்திருக்காது.

ஆகவே ஆளுக்கு ஒன்றாக, அவரவர் படித்துப் பிடித்ததை அனுப்புங்கள். மூத்தவர் விண்கலக் கதையையே அனுப்பட்டும். எனக்குப் பிடிக்காதது அவரைத் தடுக்க வேண்டியதில்லை. ஏன் பிடித்தது என்று நாலு வரி மட்டும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். பாசிக் கதையை அனுப்புகிறவர் பவள விஷயத்தை மறைக்காமல் குறிப்பிடட்டும். நடுவர் குழுவில் ஒருவராவது கண்டுபிடிப்பார், அதை நீங்களே முதலில் சொல்லிவிடுவது நல்லது. கடைசித் தேதி எப்போது என்று நீங்கள் எழுதவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.