படுத்தால் நித்திரைக்குப் பதிலாக அண்ணாவின் குரல்தான் வருகிறது

மதிப்புக்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

நான் கோண்டாவிலில் வசிக்கும் 57 வயது ஆசிரியை. திருமணம் செய்யவில்லை. 84 வயதான அம்மாவுடன் எங்கள் பழைய வீட்டில் இருக்கிறேன். எனது பிரச்சினை நித்திரை. பகல் முழுவதும் கண் சொருகுகிறது, இரவு ஒன்பது மணிக்கு முன்பே படுத்துவிடுகிறேன். ஆனால் படுத்தவுடன் ஒவ்வொருவருடைய பேச்சும் எங்கிருந்தோ வந்து நிற்கிறது. அவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே பன்னிரண்டு, ஒரு மணியாகிவிடுகிறது. முன்பும் எனக்கு நித்திரை குறைவுதான். ஆவணி கழிந்த பிறகு அதுவும் இல்லாமற் போய்விட்டது.

இதற்கு முதற் காரணம் கனடாவில் இருக்கும் அண்ணா. மதியச் சாப்பாட்டு இடைவேளையில்தான் அவருக்கு எங்கள் நினைவு வரும். அது இங்கே இரவு பத்தரை மணி. அம்மாவுக்குச் சீனி எவ்வளவு, கிளினிக்கில் எந்தக் குளிசையை மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள், நீ ஏன் கேட்கவில்லை என்று ஒரே விசாரணை. பல வருடங்களாக இப்படித்தான். ‘நீ சாப்பிட்டாயா’ என்று ஒரு நாள் கேட்டிருப்பாரா? லண்டனில் இருக்கும் அக்கா இன்னும் ஒரு படி மேல். அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்த அன்று, ‘அந்த நேரம் நீ எங்கே போயிருந்தாய்?’ என்று கேட்டார். பாடசாலை நாளில் முற்பகல் பத்து மணிக்கு ஓர் ஆசிரியை எங்கே இருப்பாள்? அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது ஒவ்வோர் இரவும் சொல்கிறேன், வெவ்வேறு விதமாக, சுவரைப் பார்த்தபடி.

அம்மாவும் அப்படித்தான். பார்க்க வருகிறவர்களிடம், ‘மூத்தவன்தான் என்னைப் பார்க்கிறான்’ என்பார். அண்ணா அனுப்பும் காசைச் சொல்கிறார். குளிக்க வார்ப்பது யார், மருந்து கொடுப்பது யார், விடியும்முன் படுக்கை விரிப்பைத் தோய்த்துப் போட்டுவிட்டுப் பாடசாலைக்கு ஓடுவது யார் என்பது வந்தவர்களுக்கும் தெரியும். தலையை ஆட்டித் தேநீரைக் குடித்துவிட்டுப் போகிறார்கள். போதாததற்கு அயல்வீட்டு நாய் வருடக்கணக்காக ஓட்டோச் சத்தம் கேட்டாலே குரைக்கிறது. இரவில் இரண்டு மூன்று தடவை எழும்பி அம்மாவின் அறை வாசலில் நின்று போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். அது பழக்கமாகிவிட்டது.

இந்த முறை நல்லூர்த் திருவிழாவுக்கு அண்ணா குடும்பத்தோடு வந்து நின்றார். எல்லோருக்கும் சமைத்தது நான். ஓர் இரவாவது அம்மாவின் அறையில் அவர் படுத்திருக்கலாம், படுக்கவில்லை. போகும்போது ‘உனக்கு ஏதாவது வேண்டுமா’ என்று கேட்டார். எனக்கென்ன வேண்டும், அம்மா நன்றாக இருந்தால் போதும் என்றேன். எல்லாவற்றையும் கேட்டா வாங்க வேண்டும்? திரும்பிப் போனதும் வீட்டு உறுதியைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார். 1995 இடப்பெயர்வில் துணிப்பையில் வைத்துச் சாவகச்சேரி வரை நான் சுமந்துபோன உறுதிதான், அலுமாரியிலிருந்து எடுத்து அனுப்பினேன், அது வேறு விஷயம். நான் சொல்ல வந்தது, அத்தனை நாள் என் கையால் சாப்பிட்ட அண்ணி ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லை என்பதைத்தான்.

தேவாரம் சொல்லிப் பார்க்கிறேன். ஒன்றையும் நினைக்கக் கூடாது என்று கண்ணை இறுக்கி மூடிப் பார்க்கிறேன். அம்மாவுக்கு இரவு மருந்து கொடுக்கும்போது ஒரு பிளேன்ரீ குடித்தால் மனம் கொஞ்சம் ஆறும், அவ்வளவுதான். பாமசியில் நித்திரைக் குளிசை வாங்கலாமா? படுக்கும் நேரத்தில் மனதை அடக்குவதற்கு வழி சொல்லுங்கள்.

— நித்திரை இல்லாத ஒரு ஆசிரியை

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் அண்ணா, அக்கா, அம்மா, அண்ணி, அயல்வீட்டு நாய் என்று எவரும் தப்பவில்லை. ஒவ்வொருவர் மீதும் ஒரு முறைப்பாடு இருக்கிறது. முறைப்பாடு எதுவுமின்றி ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நீங்கள் கடந்துபோனது ஒன்றை மட்டும்தான்: அண்ணா கேட்டதும் வீட்டு உறுதியைப் படம் எடுத்து அனுப்பியது. அதை வேறு விஷயம் என்று ஒதுக்கிவிட்டு உடனே அண்ணியின் நன்றிக்குத் திரும்பிவிடுகிறீர்கள். மற்றவற்றைப் பிறகு பார்க்கலாம். நான் அந்த உறுதியைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

நீங்களே எழுதியிருப்பவற்றைச் சேர்த்துப் பாருங்கள். அண்ணா பத்தரை மணிக்கு அழைப்பது பல வருடப் பழக்கம். நாயும் இன்று குரைக்கத் தொடங்கவில்லை. அம்மா மூத்த மகனைப் புகழ்வதும் புதிதாக இருக்க முடியாது. இத்தனைக்கும் நடுவில், குறைவாகவேனும் நித்திரை கொண்டிருக்கிறீர்கள். ஆவணிக்குப் பிறகு அதுவும் போய்விட்டது என்கிறீர்கள். திருவிழாவுக்கு வந்த அண்ணா திரும்பிப்போய் உறுதியைக் கேட்டதும் அதே நாட்களில்தான். அம்மாவுக்குப் பிறகு இந்த வீடு யாருக்கு, நான் எங்கே இருப்பேன் என்ற கேள்வி அன்று உங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. பகலில் அதை ஒருவரிடமும் நீங்கள் கேட்கவில்லை. ஆகவே இரவில் அது வருகிறது, அதுவும் தன் முகத்தோடு வராமல் அக்காவின் பழைய கேள்வியாகவும் அண்ணியின் சொல்லாத நன்றியாகவும் வருகிறது. அக்காவுக்கு நீங்கள் சுவரைப் பார்த்துச் சொல்லும் பதில்களில் ஆபத்து எதுவும் இல்லை, அந்த வழக்கில் ஒவ்வோர் இரவும் நீங்கள்தான் வெல்கிறீர்கள். அண்ணாவிடம் கேட்க வேண்டிய கேள்வியில் தோற்கவும் கூடும் என்பதால் மனம் அதைத் தொடாமல் சுற்றி வருகிறது.

கேட்க முடியாதிருப்பது ஏன் என்பதும் எனக்கு விளங்குகிறது. தாய் உயிரோடு இருக்கும்போது வீட்டைப் பற்றி வாய் திறக்கும் மகளை எங்கள் ஊர் எப்படிப் பேசும் என்பது இருவருக்கும் தெரியும். ‘கண்ணை மூடுமுன்னே காணி கேட்கிறாள்’ என்பார்கள். ஊர் சொல்லுமுன்பே நீங்கள் அதை உங்களுக்குச் சொல்லிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். அம்மாவின் அறை வாசலில் நின்று போர்வை ஏறி இறங்குவதைப் பார்க்கும்போது அங்கே நிற்பது அன்புதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த அன்போடு, இந்த மூச்சு நின்றால் எனக்கு என்ன ஆகும் என்ற பயமும் கலந்து நிற்கிறது. முழு வாழ்க்கையையும் ஒரு வீட்டுக்குள் கொடுத்த ஒருவருக்கு அந்தப் பயம் வருவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதை அம்மாவுக்குச் செய்யும் துரோகம் போல மறைத்து வைப்பதால்தான் அது இத்தனை பெரிதாகிறது.

இனி உங்களுக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். நீ சாப்பிட்டாயா என்று அண்ணா ஒரு நாளும் கேட்டதில்லை என்று எழுதிய நீங்கள், சில வரிகள் தள்ளி, உனக்கு ஏதாவது வேண்டுமா என்று அண்ணா கேட்டதையும் எழுதுகிறீர்கள். அவர் கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்று நீங்கள் சொன்னீர்கள். அவர் அதை நம்பிவிட்டார். கேட்காமலே அறிந்து தர வேண்டும் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்து, தராதபோது அதை அவர் கணக்கில் குற்றமாக எழுதி வைப்பது நியாயமில்லை. இத்தனை தொலைவில் இருப்பவர்கள் நீங்கள் சொல்வதைக் கொண்டுதான் உங்களை அறிகிறார்கள். நீங்கள் சொல்லி வந்ததெல்லாம் அம்மாவின் சீனியும் குளிசையுந்தான். அவர்களுடைய நன்றிகெட்டதனத்தை நான் நியாயப்படுத்தவில்லை. மருந்தைப் பற்றி இவ்வளவு கேட்கத் தெரிந்தவருக்கு மருந்து கொடுக்கும் தங்கையைப் பற்றியும் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் அண்ணா உறுதியை எதற்காகக் கேட்டார் என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இடப்பெயர்வுகளில் உறுதிகளைத் தொலைத்துவிட்டுப் பின்பு பிரதிக்கு அலைந்த குடும்பங்களைக் கண்ட ஒருவர், கையில் ஒரு படம் இருக்கட்டும் என்று நினைத்திருக்கலாம். விற்கும் எண்ணமும் இருக்கலாம். கேட்டால்தான் தெரியும்.

ஒன்றையும் நினைக்கக் கூடாது என்று கண்ணை மூடுவது இந்த நிலையில் எதிர்மாறாகவே வேலை செய்யும். 1987 இல் டானியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர், வெள்ளைக் கரடியை நினைக்க வேண்டாம் என்று சிலரிடம் சொல்லி, நினைவு வரும்போதெல்லாம் மணியை அடிக்கச் செய்தார். அவர்களால் அதைத் தடுக்க முடியவில்லை. பின்னர் நினைக்கலாம் என்று அனுமதித்தபோது, முதலிலிருந்தே நினைக்க விடப்பட்டவர்களை விட அதிகமாக நினைத்தார்கள். நினைக்கக் கூடாது என்று காவல் இருக்கும் மனம், காவலுக்காகவே அந்த நினைவைத் தேடிக்கொண்டிருக்கிறது. தேவாரத்தை விடச் சொல்லவில்லை. தேவாரத்தைத் தேவாரமாகச் சொல்லுங்கள், வளவுக்குள் வந்த மாட்டை விரட்டும் தடியாக அதை எடுக்க வேண்டாம்.

நித்திரைக்கென்று சில வார்த்தைகள். களைப்பை ஈடுசெய்யவென்று ஒன்பது மணிக்கு முன்பே படுக்கிறீர்கள். அதனால் படுக்கை நித்திரைக்குரிய இடமாக இல்லாமல் வழக்காடும் இடமாக உங்கள் உடலுக்குப் பழகிவிட்டது. 1972 இல் ரிச்சர்ட் பூட்ஸின் என்ற உளவியலாளர் வகுத்த முறை இன்றும் நிற்கிறது: கண் சொருகும்வரை படுக்கைக்குப் போகாதீர்கள், இருபது நிமிடமளவில் நித்திரை வராவிட்டால் எழும்பி விறாந்தையில் இருங்கள், கண் சொருகியபின் திரும்புங்கள், எப்படி உறங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழும்புங்கள். மணிக்கூட்டைப் பார்க்க வேண்டாம். இரவு பிளேன்ரீயை நிறுத்திவிடுங்கள். அதிலுள்ள கஃபீனில் பாதி ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம் கழிந்தும் உடலில் நிற்கும். பாமசியில் நீங்களாகக் குளிசை வாங்குவதை நான் ஒப்பமாட்டேன், இரவில் அம்மா கூப்பிட்டால் தெளிவோடு எழும்ப வேண்டியவர் நீங்கள். இந்த முறைகளைச் சில வாரம் கடைப்பிடித்தும் பயனில்லை என்றாலோ, பகலிலும் மனம் சோர்ந்து கிடந்தாலோ, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலோ தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலோ மனநல மருத்துவரைப் பாருங்கள்.

இன்னொன்று, முன்னிரவில் செய்ய வேண்டியது. 2018 இல் அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களிடம் நடத்திய ஆய்வில், வரும் நாட்களில் செய்ய வேண்டியவற்றைப் படுக்குமுன் ஐந்து நிமிடம் தாளில் எழுதியவர்கள், செய்து முடித்தவற்றை எழுதியவர்களை விட ஏறக்குறைய ஒன்பது நிமிடம் முன்னதாக உறங்கினார்கள். நீங்கள் எழுத வேண்டிய தாளில் அக்காவுக்கான பதில் வரக் கூடாது. முதல் வரி, அண்ணாவுடன் பேசுவது.

அதை இரவு பத்தரை மணி அழைப்பில் பேசாதீர்கள். சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு நீங்களே அழையுங்கள். அவருக்கு அது முன்னிரவு, வேலை முடிந்து வீட்டில் இருப்பார். குறை எதையும் முன்னால் வைக்காமல் இரண்டே கேள்வி: ‘உறுதி எதற்கு, அண்ணா? அம்மாவுக்குப் பிறகு நான் இந்த வீட்டில் இருக்கலாமா?’ அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அவர் பதில் சொல்லும்வரை பொறுத்திருங்கள். உங்கள் பயத்தைக் குறைக்கக்கூடிய ஒன்றையும் தெரிந்துகொண்டு பேசுங்கள்: படத்தை வைத்துக்கொண்டு எவரும் வீட்டைக் கைமாற்ற முடியாது. உறுதி அம்மாவின் பெயரில் இருந்தால், இலங்கைச் சட்டப்படி நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் அம்மாவோ அவர் சட்டப்படி அதிகாரம் கொடுத்த ஒருவரோதான் கையெழுத்திட வேண்டும்.

பதில் நீங்கள் விரும்பியபடி இல்லாமலும் போகலாம். அப்படியானால் அழுதுவிட்டு அடுத்த நாளே ஒரு சட்டத்தரணியிடம் போங்கள். வீட்டை எவருக்கு எழுதினாலும் நீங்கள் இருக்கும்வரை அதில் குடியிருக்கும் சீவிய உரித்தை உங்களுக்கு ஒதுக்கி எழுத வழி உண்டா என்று கேளுங்கள். அம்மாவிடமும் மறைக்க வேண்டாம். பக்கத்தில் இருந்து, அவருக்கு விளங்கும்படி மெதுவாகச் சொல்லுங்கள். அவர் தெளிவாகப் பேசி, தன் கையால் ஒப்பமிடக்கூடிய இந்த நாட்களிலேயே அதைச் செய்துவிட வேண்டும்.